293318625600: ராமானுஜனின் அட்டவணையில் விடுபட்ட எண் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கணித மேதை ராமானுஜனின் பிறந்தநாளான டிசம்பர் 22 நெருங்கினால் கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் 1729 சார்ட் பேப்பரில் ஏறிவிடும். டாக்ஸி கதை எல்லோருக்கும் மனப்பாடம். அதே ராமானுஜனோடு நெருங்கிய உறவுள்ள இன்னொரு எண் 293318625600. அதைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். எட்டாம் வகுப்பு அடுக்குக்குறியும் நீள வகுத்தலும் தெரிந்தால் போதும். இங்குள்ள கணக்குகளைத் தாளில் போட்டுச் சரிபார்க்கலாம், சரிபார்க்கவும் வேண்டும்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது?

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. காற்புள்ளி வைத்து எழுதினால் 2,93,31,86,25,600. தமிழ் இலக்கத்தில் ௨௯௩௩௧௮௬௨௫௬௦௦. மொத்தம் 12 இலக்கம், கடைசியில் இரண்டே பூஜ்யம். இதை நினைவில் வையுங்கள். ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டு எழுதுவதுதான் இந்த எண்ணில் அதிகம் நடக்கும் பிழை.

எவ்வளவு பெரியது என்று மனதில் நிறுத்த ஏதாவது அளவு உண்டா?

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி 100 கோடி கன அடி. ஆக 293318625600 கன அடி என்பது 293.3 டிஎம்சி. அணை மூன்று முறை முழுதாக நிரம்பிக் கடைமடை வரை வடிந்து, நான்காவது முறை ஏறக்குறைய 13 டிஎம்சி சேர்ந்திருக்க வேண்டும். அத்தனை கன அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணிக்கை.

அப்படி என்ன சிறப்பு அதற்கு?

இதற்கு 5040 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த முழு எண்ணுக்கும் 5040 காரணிகள் கிடையாது. 29,331 கோடி எண்களை வரிசையாக நிறுத்தினால், இந்த இடம் வரும்வரை யாரும் தொடாத உயரம் அது. இப்படித் தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் முந்தும் எண்ணை மிகுபகு எண் என்று இந்தப் பக்கத்தில் சொல்கிறோம். தமிழில் உயர் பகு எண் என்றும் எழுதுகிறார்கள். எதுவானாலும் பொருள் ஒன்றே.

சின்ன எண்களில் மிகுபகு எண் எவை?

1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று போகும். 12க்கு ஆறு காரணிகள்; 11 வரை உள்ள எதற்கும் ஆறு இல்லை. 60க்குப் பன்னிரண்டு. நம் பழைய அளவுகளில் இந்த எண்கள் உட்கார்ந்திருப்பது தற்செயல் இல்லை. ஒரு கலம் 12 மரக்கால். களத்தில் நெல்லைப் பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஆறில் ஒன்று என்று எப்படிப் பிரித்தாலும் மரக்கால் உடையாமல் வரும். 10 மரக்காலாக இருந்திருந்தால் மூன்று பேர் வாரம் பிரிக்கும்போதே தகராறு. ஒரு நாளுக்கு 60 நாழிகை என்பதும் அதே யோசனைதான்.

பகாக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி? பெரிய எண் என்பதால் பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. இவ்வளவு சாதுவாக உடையும் 12 இலக்க எண் அபூர்வம். படிப்படியாகப் போங்கள்.

முதலில் 100 ஆல் வகுங்கள்: 2933186256. இதிலேயே 2² × 5² வெளியே வந்துவிட்டது. மீதியை 16 ஆல் வகுத்தால் 183324141. ஒற்றைப்படை, எனவே இரண்டுகள் தீர்ந்தன, மொத்தம் ஆறு. இப்போது இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1+8+3+3+2+4+1+4+1 = 27. ஆகவே 9 ஆல் வகுபடும்: 20369349. மறுபடி கூட்டினால் 36. இன்னொரு 9 போகும்: 2263261. இதன் கூட்டுத்தொகை 22, மூன்றுகள் முடிந்தன, மொத்தம் நான்கு. அடுத்து 7 ஆல் இரண்டு முறை வகுக்க 46189. அதை 11 ஆல் வகுத்தால் 4199, 13 ஆல் வகுத்தால் 323. 323 பகா எண் மாதிரித் தெரியும், பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அது 17 × 19.

ஆக, 293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19.

இதிலிருந்து 5040 எப்படி வருகிறது?

ஒரு காரணியை உருவாக்க 2ஐ எத்தனை முறை எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும்: பூஜ்யம் முதல் ஆறு வரை, ஏழு வழி. 3க்கு ஐந்து வழி, 5க்கு மூன்று, 7க்கு மூன்று, மற்ற நான்கு பகா எண்களுக்கும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்று இரண்டிரண்டு வழி. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

அடுக்குகளை அப்படியே பெருக்கி 6 × 4 × 2 × 2 = 96 என்று விடை எழுதுவது வழக்கமான தவறு. ஒன்றைக் கூட்டாமல் விட்டதன் விளைவு அது: 'எடுக்கவே இல்லை' என்பதும் ஒரு வழி என்பதை மறந்துவிடுகிறார்கள். 5039 என்று எழுதுபவர்களும் உண்டு. அவர்கள் எண்ணையே அதன் காரணியாகச் சேர்க்கவில்லை. 'தன்னைத் தவிர' என்று கேள்வியில் இருந்தால்தான் அது சரி.

5040இல் ஒற்றைப்படைக் காரணிகள் 720 (2ஐ எடுக்காதவை: 5 × 3 × 3 × 16). மீதி 4320 இரட்டைப்படை. முழு வர்க்கமாக அமையும் காரணிகள் 48.

எந்த எண்களால் வகுபடும்? வரிசையாகச் சொல்ல முடியுமா?

1 முதல் 22 வரை எல்லாவற்றாலும். 1 முதல் 22 வரையுள்ள எண்களின் மீ.சி.ம 232792560, நம் எண் அதன் சரியாக 1260 மடங்கு. 23இல் முதல் தடங்கல்: மீதி 17. பிறகு 24 முதல் 28 வரை மறுபடி தடையில்லை, 29 இடிக்கும், 30 போகும், 31 இடிக்கும்.

பகா எண்கள் மட்டும்தான் இடிக்கும் என்று நினைக்க வேண்டாம். 125 ஆல் வகுபடாது, 5 இரண்டு முறைதான் இருக்கிறது. 128, 243, 343, 121 ஆகியவற்றாலும் வகுபடாது. டெல்டாக் கணக்கில் இது அழகாகத் தெரியும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. நம் எண்ணைக் குழியாக வைத்துக்கொண்டால் 2933186256 மா என்று முழுதாக வரும். வேலியாக மாற்றப் பார்த்தால் 14,66,59,312 வேலி போக 16 மா நிற்கும். ஒரு வேலிக்கு 2000 குழி. 2000க்கு 5 மூன்று முறை வேண்டும். அந்த மூன்றாவது 5 இங்கே இல்லை.

பழைய பின்னங்களான மா, காணி, முந்திரி இவற்றால் எடுத்தால்?

இருபதில் ஒன்றான மா, பதினாறில் ஒன்றான மாகாணி, எண்பதில் ஒன்றான காணி எல்லாம் முழு எண்ணாக வரும். முந்திரி 320இல் ஒன்று. 320 = 2⁶ × 5. நம் எண்ணில் முந்திரிப் பங்கு 916620705. அது ஒற்றைப்படை, அதாவது முந்திரி அளவு எடுத்தவுடனே எண்ணில் இருந்த இரண்டுகள் அத்தனையும் செலவாகிவிட்டன. அதற்கு மேல் ஒரு பாதிகூட முழுதாகப் போகாது. முந்திரியிலும் முந்திரியான கீழ்முந்திரி 102400இல் ஒன்று. அதற்கு 2 பன்னிரண்டு முறை வேண்டும், ஆகவே அது முழுதாக வராது.

ராமானுஜனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கும்பகோணத்தில் வளர்ந்து 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ராமானுஜன், மறு ஆண்டே மிகுபகு எண்கள் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் 14ஆம் தொகுதி, 347 முதல் 409 வரை 63 பக்கங்கள். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழியாகப் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த வேலைக்காகத்தான். பணத் தட்டுப்பாட்டால் சங்கம் கட்டுரையை முழுதாக அச்சிடவில்லை. எஞ்சிய பகுதி நிக்கோலா, ரோபன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளோடு 1997இல்தான் வெளிவந்தது.

அந்தக் கட்டுரையில் 2இல் தொடங்கி 6746328388800 வரை 102 மிகுபகு எண்களின் அட்டவணை இருக்கிறது. வரிசையில் இருக்க வேண்டிய எண்களில் ஒன்றே ஒன்று விடுபட்டிருக்கிறது. அதுதான் 293318625600.

உண்மையிலேயே விட்டுவிட்டாரா? பக்கத்து எண்கள் அட்டவணையில் இருக்கின்றனவா?

இருக்கின்றன, அதுதான் வேடிக்கை. இந்த எண்ணின் பாதி 146659312800, மூன்றில் ஒன்று 97772875200, நாலில் ஒன்று 73329656400 எல்லாமே மிகுபகு எண்கள், எல்லாமே அட்டவணையில் உண்டு. அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800 நம் எண்ணின் 23 மடங்கு. அதன் காரணிகள் 10080, நம்முடையதைப் போல் இரு மடங்கு. வீட்டார் அத்தனை பேரும் படத்தில் நிற்க இவர் ஒருவர் மட்டும் காணோம்.

ஏன் கண்ணில் படாமல் போயிருக்கும்?

வரிசையில் இதன் இரு பக்கத்தையும் பாருங்கள். முன்னால் 240940299600, காரணிகள் 4800. பின்னால் 321253732800, காரணிகள் 5376. இரண்டிலுமே மிகப் பெரிய பகாக் காரணி 23. நடுவில் நிற்கும் நம் எண் மட்டும் 19 உடன் முடிகிறது. அட்டவணையில் இதற்குப் பின் வருவது எல்லாமே 23 ஆல் வகுபடுபவை. அதாவது 19இல் முடியும் குடும்பத்தின் கடைசி ஆள், 23இல் முடியும் குடும்பம் ஏற்கெனவே குடியேறிவிட்ட தெருவில் தனியாக நிற்கிறார்.

இடைவெளியை வைத்தும் சந்தேகம் வராது. நம் எண்ணை எடுத்துவிட்டால் 240940299600இலிருந்து அடுத்ததற்கு 4/3 மடங்கு தாவல். ஆனால் அதற்குச் சற்று முன்னால் 160626866400இலிருந்து 240940299600க்கு 3/2 மடங்குத் தாவல் நியாயமாகவே இருக்கிறது. 321253732800க்கு அடுத்ததும் 3/2 தான். பெரிய பள்ளங்களுக்கு நடுவே சின்னப் பள்ளம் தெரியவா போகிறது? எங்களுக்கு இந்த விளக்கம் போதுமானதாகப் படுகிறது.

அப்படியானால் அவருடைய தேற்றம் ஏதாவது தவறா?

இல்லை. தேற்றங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. விடுபட்டது கையால் தொகுத்த பட்டியலில் ஒரு வரி.

இதைவிடச் சிறிய எண் எதற்கும் 5040 காரணிகள் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? 29,331 கோடி எண்களையும் பார்த்தாகிவிட்டதா?

பார்க்கத் தேவையில்லை. தேடும் இடத்தைச் சுருக்க இரண்டு விதிகள் போதும். முதலாவது, பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவிடாமல் வர வேண்டும். நடுவில் 5ஐ விட்டு 7ஐ வைத்திருந்தால், 7ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 5ஐப் போடுங்கள்; காரணி எண்ணிக்கை மாறாது, எண் சிறுத்துவிடும். இரண்டாவது, அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறக் கூடாது. 2² × 3⁵ என்றிருந்தால் 2⁵ × 3² என்று மாற்றினால் காரணி எண்ணிக்கை அதே 18, எண்ணோ 972இலிருந்து 288க்கு இறங்கிவிடும்.

இனி, மிகப் பெரிய பகா எண் எது என்பதை வைத்துப் பிரித்துப் பார்ப்போம்.

31 வரை போனால்: 2 முதல் 31 வரை எல்லாப் பகா எண்களின் பெருக்கல் 200560490130. நம் எண் இதன் ஒன்றரை மடங்குகூட இல்லை, ஆகவே வேறெதுவும் சேர்க்க இடமில்லை. காரணிகள் 2048 மட்டும்.

29 வரை: பெருக்கல் 6469693230. நம் எண்ணுக்குள் அடங்க 45 மடங்கு வரை பெருக்கிச் சேர்க்கலாம். இரண்டாம் விதிக்கு உட்பட்டுச் சேர்க்கக்கூடியவை 1, 2, 4, 6, 8, 12, 16, 24, 30, 32, 36 என்ற பதினொன்றுதான். அதிகபட்சம் கிடைப்பது 36இல்: 2³ × 3³ வரும், காரணிகள் 4 × 4 × 256 = 4096. போதாது.

23 வரை: பெருக்கல் 223092870, 1314 மடங்கு வரை இடம். போட்டி கடுமையாகும் இடம் இதுதான். 720, 960, 1152, 1260, 1296 என்று எதைச் சேர்த்தாலும் காரணி எண்ணிக்கை 4608இல் வந்து நிற்கும், ஏதோ சுவரில் முட்டியது போல. 1080ஐச் சேர்த்தால் மட்டும் 4800. அதுதான் மேலே பார்த்த 240940299600. அதைத் தாண்ட முடியாது.

19 வரை: பெருக்கல் 9699690, 30240 மடங்குக்குக் குறைவாகச் சேர்க்க வேண்டும். 20160, 25200, 25920, 28800 எல்லாம் அதே 4608. சரியாக 30240ஐச் சேர்த்தவுடன் 5040. 17 அல்லது அதற்குக் கீழே நிறுத்தினால் எண்ணிக்கை இன்னும் குறைந்துவிடும்.

மாணவர்கள் இங்கே தடுமாறுவது இரண்டாம் விதியை மறப்பதால்தான். 1200ஐச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். 1200 = 2⁴ × 3 × 5²; இதைச் சேர்த்தால் 5இன் அடுக்கு 3இன் அடுக்கை முந்திவிடும். அப்படிப்பட்ட எண்ணுக்குப் பதிலாக அதைவிடச் சிறியது ஒன்று ஏற்கெனவே பட்டியலில் இருக்கும்.

போகிறபோக்கில் ஒன்று: அந்த 30240 சாதாரண ஆள் இல்லை. அதன் காரணிகளைக் கூட்டினால் 120960, சரியாக அதன் நான்கு மடங்கு.

3, 4, 6, 12, 60, 5040 என்ற தொடரில் இது வருகிறது என்கிறார்களே?

ஆமாம், எங்களுக்கு இந்த எண்ணில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். தொடரின் விதி எளிது: முந்தைய எண் எத்தனையோ, அத்தனை காரணிகளை உடைய மிகச் சிறிய எண்ணை எழுதுங்கள். 3 காரணிகள் வேண்டும் என்றால் மிகச் சிறியது 4. நான்கு காரணிகளுக்கு 6. ஆறுக்கு 12. பன்னிரண்டுக்கு 60. அறுபதுக்கு 5040. ஐயாயிரத்து நாற்பதுக்கு 293318625600.

மரக்காலும் நாழிகையும் இந்தத் தொடரில் அடுத்தடுத்து நிற்பதைக் கவனித்தீர்களா? 5040உம் பழைய ஆசாமிதான். பிளேட்டோ தன் கற்பனை நகரத்துக்கு 5040 குடிகள் என்று வைத்ததற்கு அவர் சொன்ன காரணமே, அதைப் பல விதமாகப் பங்கு பிரிக்கலாம் என்பது.

6 வரை மெல்ல நடந்த தொடர், 60இலிருந்து 5040க்குத் தாவி, அங்கிருந்து நேரே 29,331 கோடிக்குப் போகிறது. அடுத்த உறுப்பு 75 இலக்க எண். கடைசியில் 12 பூஜ்யம். அதற்குத்தான் சரியாக 293318625600 காரணிகள். தொடரை 2இல் தொடங்க முடியாது: இரண்டு காரணிகள் உடைய மிகச் சிறிய எண் 2 தானே, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

காரணிகளை எல்லாம் கூட்டினால் என்ன வரும்?

ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அடுக்குகளின் கூட்டலை எடுத்துப் பெருக்குங்கள். 2க்கு 1+2+4+…+64 = 127. 3க்கு 121, 5க்கு 31, 7க்கு 57, பிறகு 12, 14, 18, 20. பெருக்கினால் 1642243014720. எண்ணைப் போல் 5.5988 மடங்கு.

இதில் ஒரு நுணுக்கம். எண்ணிக்கையில் முந்துகிறவர் கூட்டுத்தொகையிலும் முந்துவார் என்று எதிர்பார்ப்போம். முன்னால் நிற்கும் 240940299600க்கு இதே விகிதம் 5.6042, நம் எண் மயிரிழையில் தோற்கிறது. நம் எண்ணில் கூடுதலாக உள்ள இரண்டு 2, ஒரு 7 ஆகியவற்றைவிட, அதில் புதிதாக ஒரு 23 சேர்ந்தது விகிதத்துக்கு அதிக லாபம். கூட்டுத்தொகை விகிதத்தில் முந்தும் எண்களைக் கணித அறிஞர்களான அலாவுக்ளுவும் ஏர்தோஷும் 1944இல் தனியாக ஆராய்ந்தார்கள். அந்தப் பட்டியலில் நம் எண்ணுக்கு இடமில்லை.

ராமானுஜன் சொன்ன 'உயர்' மிகுபகு எண் வகையில் சேருமா?

சேராது. அதற்கு, காரணி எண்ணிக்கையை எண்ணின் ஏதாவது ஒரு நேர்ம அடுக்கால் வகுத்தால் வரும் விகிதம் எல்லா எண்களிலும் உச்சமாக இருக்க வேண்டும். அடுத்து வரும் 321253732800 அந்த வகை.

இது முழு வர்க்கமா? செவ்வகமாக அடுக்கினால்?

வர்க்கம் இல்லை, 11, 13, 17, 19 நான்கும் ஒற்றையாக நிற்கின்றன. காரணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 2520 சோடி, அதாவது முழு எண் நீள அகலம் கொண்ட 2520 விதமான செவ்வகங்கள். ஒரு கோடியில் 1 × 293318625600 என்ற நூல் போன்ற வரப்பு. மறு கோடியில் சதுரத்துக்கு மிக நெருங்கியது எது?

வர்க்க மூலம் 541588.98 என்று வரும். மேல்நோக்கி முழுதாக்கி 541589 என்று எடுங்கள். அதன் வர்க்கம் 293318644921. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 19321. இது 139இன் வர்க்கம்! முதல் முயற்சியிலேயே வர்க்கம் கிடைத்துவிட்டதால், எண் 541589² − 139², அதாவது 541450 × 541728. ஐந்தரை லட்சம் நீளத்தில் 278தான் வித்தியாசம். 541450 = 2 × 5² × 7² × 13 × 17, 541728 = 2⁵ × 3⁴ × 11 × 19. இதைவிட நெருங்கிய சோடி இல்லை: கூட்டுத்தொகை 1083178ஐவிட ஒன்று குறைந்தாலும் பெருக்கல் நம் எண்ணை எட்டாது.

கணினியில் போட்டுப் பார்த்தேன், விடை தவறாக வருகிறது. ஏன்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

சி மொழியில் சாதாரண 'இண்ட்' மாறியில் வைத்திருப்பீர்கள். அதில் 32 பிட், உச்சம் 2147483647. நம் எண் உள்ளே போகும்போது மேலே உள்ள பிட்டுகள் வெட்டப்பட்டு 1260849472 என்று நிற்கும். கழித்தல் குறி வந்தாலாவது சந்தேகம் வரும். இது நல்ல பிள்ளை மாதிரி நேர்ம எண்ணாகவே இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. 'லாங் லாங்' என்று மாற்றுங்கள். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, 1இலிருந்து எண் வரைக்கும் சுழல் ஓடவிடுவது. நொடிக்குப் பத்துக் கோடிச் சுற்று என்று வைத்தாலும் 49 நிமிடம் ஆகும், புரோகிராம் தொங்கிவிட்டது என்று நிறுத்திவிடுவீர்கள். 541588 வரை ஓட்டி, வகுபடும்போதெல்லாம் இரண்டு இரண்டாகக் கூட்டினால் கண் சிமிட்டும் நேரத்தில் 5040 வரும்.

மூன்றாவது எக்செல். 15 இலக்கம் வரை அது துல்லியம்தான், மதிப்பு கெடாது. ஆனால் 12 இலக்கம் என்பதால் பொது வடிவமைப்பில் 2.93319 என்று சுருக்கி, பத்தின் 11ஆம் அடுக்கு என்று காட்டும். அதைப் பார்த்து 293319000000 என்று குறித்துக்கொண்டவர்கள் உண்டு. கட்டத்தின் வடிவமைப்பை 'எண்' என்று மாற்றித் தசம இடத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

சார்ட்டில் எழுதும்போது இலக்கம் மாறிப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இலக்கக் கூட்டல் 45 வருகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. இடம் மாறினாலும் கூட்டல் மாறாது. மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: 293, 318, 625, 600. வலப்பக்கத்திலிருந்து கூட்டிக் கழித்து வாருங்கள்: 600 − 625 + 318 − 293 = 0. பூஜ்யம் வந்ததால் 1001 ஆல் வகுபடும், அதாவது 7, 11, 13 மூன்றாலும் ஒரே அடியில். அவசரத்தில் 625ஐ 652 என்று எழுதியிருந்தால் கூட்டல் அதே 45 காட்டும், ஆனால் இந்தச் சோதனையில் −27 வந்து மாட்டிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் இது பிடிக்காது: கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் 29, 331, 862, 560 என்று பிரியும், அதுவும் சரியாகப் பூஜ்யம்தான் தரும். பத்தால் வகுத்தாலும் 1001 உள்ளே அப்படியே இருக்கிறதே. ஆகவே சோதனைக்கு முன்னால் விரல் வைத்து 12 இலக்கம் எண்ணிக்கொள்ளுங்கள்.